கெர்னல் எழுதுபவர்களுக்கு அலைன்மென்ட்: எந்தச் செயலியிலும் விழாத நிரலுக்கு ஒரு வழிகாட்டி

சொந்தமாக ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் எக்ஸ்86-இல்தான் தொடங்குகிறார்கள். அதில் எல்லாம் நன்றாக ஓடும். அப்புறம் அதே நிரலை ஓர் ஆர்ம் போர்டுக்கோ ரிஸ்க்-ஃபைவ் போர்டுக்கோ கொண்டுபோனால், ஒரு வரிகூட மாற்றாத கோப்பு முறைப் பகுதி முதல் செக்டரைப் படிக்கும்போதே விழுந்துவிடும், அல்லது விழாமல் தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவதுதான் மோசம். விழுந்தால் எந்த இடம் என்றாவது தெரியும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் அலைன்மென்ட், அதாவது ஒரு மதிப்பு நினைவகத்தில் எந்த மாதிரி முகவரியில் உட்கார வேண்டும் என்ற விதி. சி மொழி ஓரளவு தெரியும், பாயிண்டர் பழக்கம் உண்டு, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளுக்கு எழுதியதில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே வருவதெல்லாம் ஒரே எண்ணத்தைச் சுற்றித்தான்: டிஸ்கிலிருந்தும் நெட்வொர்க்கிலிருந்தும் ஃபர்ம்வேரிலிருந்தும் வரும் பைட்டுகளை வெறும் பைட்டுகளாகவே நடத்துங்கள், உங்கள் ஸ்ட்ரக்டுகளைக் கம்பைலர் போக்கில் விடுங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வேலையை ஒரே ஓர் இடத்தில் செய்யுங்கள்.

படி 1: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு மதிப்பு எத்தனை பைட் அகலமோ, அந்த எண்ணால் அதன் முகவரி மீதியில்லாமல் வகுபட வேண்டும். வகுபட்டால் சீரான முகவரி, இல்லையென்றால் சீரற்ற முகவரி. 2 பைட் எண் என்றால் இரட்டைப்படை முகவரி, 4 பைட் என்றால் நான்கால் வகுபடும் முகவரி, 8 பைட் என்றால் எட்டால். 1000 எல்லாவற்றுக்கும் சரி. 1004 நான்குக்குச் சரி, எட்டுக்கு இல்லை. 1003-இல் ஒற்றை பைட்டைத் தவிர எதையும் சீராக வைக்க முடியாது.

இந்த அகலங்கள் எப்போதும் இரண்டின் அடுக்குகள் என்பதால் வகுத்துப் பார்க்கவே வேண்டாம். அகலத்தை ந என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரி & (ந − 1) பூஜ்யமாக வந்தால் சரி. அடுத்த சரியான இடத்துக்கு மேலே நகர்த்த (முகவரி + ந − 1) & ~(ந − 1) போதும். 1003-ஐ எட்டுக்கு நகர்த்தினால் 1003 + 7 = 1010, அதன் கடைசி மூன்று பிட்டுகளை அழித்தால் 1008.

இதை மேக்ரோவாக எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். முகவரி 64 பிட், ந 32 பிட் குறியற்ற எண் என்றால், ~(ந − 1) முதலில் 32 பிட்டிலேயே கணக்கிடப்பட்டு, அப்புறம்தான் 64-க்கு விரிவடையும், மேல் பாதி முழுக்கப் பூஜ்யமாகிவிடும். முகவரி வெளியின் மேல் பாதியில் ஓடும் கெர்னலில் இது முகவரியின் தலையையே வெட்டிவிடும். ந-வை முதலில் முகவரியின் வகைக்கு மாற்றிவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

படி 2: எந்தச் செயலி என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எக்ஸ்86 சாதாரண லோட், ஸ்டோர் எல்லாவற்றையும் எந்த முகவரியிலும் ஏற்றுக்கொள்ளும். 64 பைட் கேஷ் வரியைத் தாண்டினால் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஆனால் பல எண்களை ஒன்றாகக் கையாளும் எஸ்எஸ்இ கட்டளைகளில் மூவ்ஏபிஎஸ், மூவ்டிக்யூஏ போன்றவை 16-ஆல் வகுபடாத முகவரியைக் கண்டால் உடனே ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட் கொடுக்கும். 486 காலத்திலிருந்தே அலைன்மென்ட் சோதனைக்கு ஒரு வசதியும் அதில் இருக்கிறது: சிஆர்0 ரெஜிஸ்டரில் ஏஎம் பிட், ஈஃப்ளாக்ஸ் ரெஜிஸ்டரில் ஏசி பிட் இரண்டையும் போட்டால் 17-ஆம் எண் எக்ஸப்ஷன் வரும். ஆனால் அது ரிங் 3-இல், அதாவது பயனர் நிரல்களில் மட்டும்தான், எனவே கெர்னலைச் சோதிக்க உதவாது.

ஆர்ம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. ஆர்ம்வி5 வரை என்ன நடந்தது என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். முகவரி 1000-லிருந்து வரிசையாக 11 22 33 44 55 66 77 88 என்று எட்டு பைட்டுகள் இருக்கின்றன, எல்லாம் பதினாறடிமான எண்கள். 1001-இல் இருந்து 4 பைட் எண்ணைப் படிக்கச் சொல்கிறீர்கள். லிட்டில் எண்டியனில், அதாவது எண்ணின் கீழ் பைட் முதலில் வரும் வரிசையில், 55443322 வர வேண்டும். எக்ஸ்86-இல் அதுவே வரும். ஆர்ம்வி5 செயலியோ, அலைன்மென்ட் சோதனை அணைந்திருந்தால், 1000-இல் உள்ள 44332211 என்ற சொல்லை (4 பைட் அலகை) எடுத்து அதை 8 பிட் வலப்பக்கம் சுழற்றி 11443322 என்று ரெஜிஸ்டரில் போட்டுவிடும். எக்ஸப்ஷன் இல்லை, எச்சரிக்கை இல்லை. கீழ் மூன்று பைட்டுகள் சரியாக இருப்பதால் சிறிய எண்களில் பல நேரம் வித்தியாசமே கண்ணில் படாது. பழைய ஆர்ம்9 போர்டுகளில் பலரும் நாள்கணக்கில் தேடிய பிழைகளில் இந்த வகைக்குத் தனி இடம் உண்டு.

ஆர்ம்வி6 முதல் சாதாரண லோட், ஸ்டோருக்கு வன்பொருளே உதவுகிறது. ஆனால் ஆர்ம்வி7-இலும் எல்டிஎம், எஸ்டிஎம், எல்டிஆர்டி போன்று ஒரே மூச்சில் பல சொற்களைப் படிக்கும் அல்லது எழுதும் கட்டளைகளுக்கு நான்கால் வகுபடும் முகவரி கட்டாயம். 64 பிட் ஆர்மில் சாதாரண நினைவகத்தில் தடையில்லை, டிவைஸ் வகை நினைவகத்தில் (வன்பொருள் சாதனங்களோடு பேசும் முகவரிகளில்) கண்டிப்பாக ஃபால்ட். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், படி 6-இல் அதன் வேலை இருக்கிறது.

மிப்ஸும் ஸ்பார்க்கும் கறார்: சீரற்ற முகவரி என்றால் எக்ஸப்ஷன். மிப்ஸில் அதற்காகவே எல்டபிள்யூஎல், எல்டபிள்யூஆர் என்ற ஜோடிக் கட்டளைகள் இருந்தன, 6-ஆம் வெளியீட்டில் அவை நீக்கப்பட்டன. ரிஸ்க்-ஃபைவில் இது தயாரிப்பாளர் விருப்பம். சில சில்லுகள் நேரடியாகச் செய்யும், சில எக்ஸப்ஷன் எழுப்பும், அதை எம்-மோடில் (கெர்னலுக்கும் மேலான அதிகார நிலையில்) இருக்கும் ஓபன்எஸ்பிஐ போன்ற ஃபர்ம்வேர் பிடித்துப் பைட் பைட்டாகப் படித்துத் தரும். உங்கள் கெர்னலுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது, வேகம் மட்டும் பல மடங்கு விழும். லினக்ஸின் ஹெச்டபிள்யூப்ரோப் என்ற சிஸ்டம் காலில், இந்தச் செயலியில் சீரற்ற அணுகல் வேகமா, மெதுவா, எமுலேட் செய்யப்படுகிறதா என்று சொல்வதற்கே ஒரு பகுதி வைக்கப்பட்டிருக்கிறது என்றால் நிலைமை எவ்வளவு கலவையானது என்று பாருங்கள்.

படி 3: கம்பைலரை மறக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'என் செயலி சீரற்ற முகவரியை ஏற்றுக்கொள்கிறது, அப்புறம் எனக்கென்ன கவலை' என்ற வாதம் அசெம்பிளியில் எழுதுபவருக்குப் பொருந்தும். சி-யில் எழுதுபவருக்குப் பொருந்தாது. ஒரு பைட் பாயிண்டரை 4 பைட் எண்ணின் பாயிண்டராக மாற்றினாலே, அந்த முகவரி நான்கால் வகுபடும் என்று கம்பைலருக்கு நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். வாக்குப் பொய்யானால் சி தரநிலைப்படி அது வரையறுக்கப்படாத நடத்தை, அதன் பிறகு என்ன ஆனாலும் கம்பைலர் பொறுப்பில்லை.

ஏட்டுச் சட்டம்தானே என்று நினைக்க வேண்டாம். ஆர்ம்வி7-இல் அடுத்தடுத்த இரண்டு 4 பைட் லோடுகளைக் கம்பைலர் சேர்த்து ஒரே எல்டிஆர்டி ஆக்கிவிடலாம். தனித்தனியாக இருந்தபோது ஓடியது, சேர்ந்ததும் விழும். எக்ஸ்86-இலும் இதே கதைதான்: ஒரு லூப்பை வெக்டர் ஆக்கும்போது, பாயிண்டர் நான்கால் வகுபடும் என்ற நம்பிக்கையில், சில உறுப்புகளைத் தனியாகச் செய்துவிட்டு 16-இன் எல்லைக்கு வந்து மூவ்டிக்யூஏ போட ஜிசிசிக்கு உரிமை உண்டு. பாயிண்டர் ஒற்றைப்படை என்றால் அந்த எல்லைக்கு அது ஒருபோதும் வந்து சேராது. விளைவு, 'எக்ஸ்86-இல் அலைன்மென்ட் பிரச்சினையே இல்லை' என்று நம்பியவரின் நிரல் எக்ஸ்86-இலேயே, ஆப்டிமைசேஷன் அளவைக் கூட்டிய அன்று விழும்.

படி 4: வெளியிலிருந்து வரும் தரவைப் பைட்டாகவே படியுங்கள்

புதிய கெர்னல் முதலில் சந்திக்கும் தரவு வடிவங்களில் மூன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் இந்தப் பிரச்சினை இருக்கிறது.

ஃபேட் கோப்பு முறையின் பூட் செக்டரில், ஒரு செக்டருக்கு எத்தனை பைட் என்ற 2 பைட் எண் 11-ஆம் பைட்டில் தொடங்குகிறது. ஒற்றைப்படை. ரூட் அடைவில் எத்தனை பதிவுகள் என்பது 17-இல், மொத்த செக்டர்கள் என்ற 16 பிட் எண் 19-இல். பஃபர் எவ்வளவு சீரான முகவரியில் இருந்தாலும் இவை சீராக வராது.

டிஸ்கின் முதல் செக்டரான எம்பிஆரில் பார்ட்டிஷன் அட்டவணை 446-ஆம் பைட்டில் தொடங்கும், ஒவ்வொரு பதிவும் 16 பைட், பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்ற 4 பைட் எண் பதிவுக்குள் 8-ஆவது இடத்தில். 446 + 8 = 454. நான்கால் வகுத்தால் மீதி 2. நான்கு பதிவுகளுக்கும் இதே மீதிதான்.

வன்பொருளைப் பற்றி ஃபர்ம்வேர் கெர்னலுக்குத் தரும் ஏசிபிஐ-யின் எக்ஸ்எஸ்டிடி அட்டவணையில் 36 பைட் தலைப்பு, அதன்பின் 8 பைட் முகவரிகளின் வரிசை. 36-ஐ எட்டால் வகுத்தால் மீதி 4, எனவே அட்டவணை 8-இன் எல்லையில் தொடங்கினால் உள்ளே இருக்கும் ஒரு முகவரிகூட 8-இன் எல்லையில் இருக்காது. 8 பைட் எண்களின் அணியாக அதை நினைத்துக்கொண்டு நேரடியாகப் படிப்பதுதான் பலரும் எழுதுவது. எக்ஸ்86-இல் ஓடிவிடும் என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவற்றை எப்படிப் படிப்பது? பைட் பாயிண்டரை வாங்கி எண்ணைத் திருப்பித் தரும் சின்னச் சின்ன ஃபங்க்ஷன்கள் எழுதிக்கொள்ளுங்கள். 4 பைட் லிட்டில் எண்டியனுக்கு உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

மதிப்பு = ப[0] | ப[1] << 8 | ப[2] << 16 | ப[3] << 24

ப என்பது குறியற்ற பைட் பாயிண்டர். ஒவ்வொரு பைட்டையும் ஷிஃப்ட் செய்வதற்கு முன் குறியற்ற 32 பிட் வகைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் பைட் தானாகக் குறியுள்ள இன்ட் ஆகி, கடைசி பைட் 128 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது 24 இடம் நகர்ந்து குறி பிட்டில் போய் விழும், அதுவும் வரையறுக்கப்படாத நடத்தைதான். பிக் எண்டியன் வேண்டுமென்றால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இப்படி எழுதிய ஃபங்க்ஷன் எந்தச் செயலியில், எந்த எண்டியனில், எந்த முகவரியில் கூப்பிட்டாலும் ஒரே விடை தரும். அலைன்மென்டும் எண்டியனும் இரண்டு தனிப் பிரச்சினைகள், ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்பதால் ஒரே இடத்தில் முடித்துவிடுவது நல்லது.

மெதுவாக இருக்குமே என்ற கவலை வேண்டாம். சீரற்ற அணுகலைத் தாங்கும் செயலிக்குக் கம்பைல் செய்தால் இப்போதைய ஜிசிசியும் கிளாங்கும் இந்த நான்கு லோடுகளை அடையாளம் கண்டு ஒரே லோடு ஆக்கிவிடும். நம்பிக்கை வராவிட்டால் டிஸ்அசெம்பிள் செய்து நீங்களே பாருங்கள், பார்க்க வேண்டிய காட்சிதான்.

இன்னொரு வழி மெம்காப்பி: உள்ளூர் மாறிக்கு 4 பைட் நகலெடுத்துவிட்டு அதைப் பயன்படுத்துவது. இதுவும் சரிதான், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, மூலம் பைட் பாயிண்டராக அல்லது வாய்ட் பாயிண்டராக உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஏற்கனவே 4 பைட் எண்ணின் பாயிண்டராக மாற்றிவிட்டு அதை மெம்காப்பிக்குக் கொடுத்தால், அலைன்மென்ட் வாக்கை முன்பே கொடுத்துவிட்டீர்கள், கம்பைலர் அதை நம்பி மெம்காப்பியையே சீரான ஒற்றை லோடு ஆக்கக்கூடும். இரண்டாவது, கெர்னலை ஃப்ரீஸ்டாண்டிங் முறையில் (ஸ்டாண்டர்டு லைப்ரரி இல்லாமல்) கம்பைல் செய்யும்போது மெம்காப்பி என்ற பெயர் சாதாரண ஃபங்க்ஷன் அழைப்பாகவே நிற்கும், எனவே கம்பைலரின் பில்ட்இன் வடிவத்தைக் கூப்பிடுங்கள், அப்போதுதான் அது ஒரு கட்டளையாகச் சுருங்கும்.

லினக்ஸ் கெர்னலுக்குள் வேலை செய்பவர்கள் எதையும் புதிதாக எழுத வேண்டாம். கெட்_அன்அலைன்ட், புட்_அன்அலைன்ட், எண்டியனும் சேர்த்து வேண்டுமென்றால் கெட்_அன்அலைன்ட்_எல்இ32, கெட்_அன்அலைன்ட்_பிஇ16 என்று எல்லாம் தயாராக இருக்கின்றன. லினக்ஸின் ஃபேட் டிரைவரும் அந்த 11-ஆம் பைட்டை இந்த வழியில்தான் படிக்கிறது.

படி 5: பேக்டு என்ற குறுக்குவழியை அளவோடு வையுங்கள்

ஸ்ட்ரக்டுக்கு பேக்டு என்று போட்டுவிட்டால் கம்பைலர் இடைவெளி விடாது, தேவைப்பட்ட செயலியில் பைட் பைட்டாகவும் படித்துக்கொள்ளும். வெளித்தரவை விவரிக்க இது நியாயமான வழி. நான் படி 4-இன் ஃபங்க்ஷன்களையே விரும்புகிறேன், ஏனென்றால் பேக்டு எண்டியனைத் தொடாது, ஜிசிசி, கிளாங் நீட்டிப்பு என்பதால் எல்லாக் கம்பைலரிலும் ஒரே மாதிரியும் இருக்காது. ஆனாலும் பேக்டு எழுதியவரைத் தப்பு சொல்ல மாட்டேன்.

தப்பாகப் போவது அதன் உறுப்பின் முகவரியை எடுக்கும்போது. பேக்டு ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் 4 பைட் எண்ணின் முகவரியைச் சாதாரணப் பாயிண்டரில் வைத்து வேறொரு ஃபங்க்ஷனுக்கு அனுப்பினால், அந்த ஃபங்க்ஷனுக்கு இது பேக்டு என்று தெரியவே தெரியாது. ஜிசிசி 9 முதல் இதற்கு இயல்பாகவே எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்பது, வரப்போகும் பிழையை நீங்களே விதைப்பது போலத்தான்.

கெர்னலின் உள் ஸ்ட்ரக்டுகளில், இடம் மிச்சம் என்று பேக்டு போடவே வேண்டாம். இடம்தான் வேண்டுமென்றால் உறுப்புகளின் வரிசையை மாற்றுங்கள். 1 பைட், 4 பைட், மறுபடி 1 பைட் என்று எழுதினால் பெரும்பாலான செயலிகளில் 12 பைட் ஆகும். 4 பைட்டை முன்னால் போட்டால் 8. எங்கெங்கே ஓட்டை என்று பார்க்க பாஹோல் என்ற கருவி இருக்கிறது, அது பிழைத்திருத்தத் தகவலைப் படித்து ஒவ்வொரு ஸ்ட்ரக்டின் உள்ளமைப்பையும் காட்டும்.

படி 6: உங்கள் கெர்னலே அமைக்கும் இடங்களைச் சரிபாருங்கள்

வெளித்தரவு ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்டாக், ஹீப், செயலியின் அட்டவணைகள் இவற்றையெல்லாம் கெர்னலில் நீங்கள்தான் அமைக்கிறீர்கள், அங்கே தப்பினால் கம்பைலரும் செயலியும் சேர்ந்தே கோபித்துக்கொள்ளும்.

ஸ்டாக்: 64 பிட் எக்ஸ்86-இல் கால் கட்டளைக்கு முன் ஆர்எஸ்பி (ஸ்டாக் பாயிண்டர்) 16-ஆல் வகுபட வேண்டும் என்பது ஏபிஐ (ABI, ஃபங்க்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிடும் முறைக்கான ஒப்பந்தம்) விதி. இன்டரப்ட் வரும்போது செயலி ஆர்எஸ்பியை 16-க்குச் சீராக்கிவிட்டு 5 சொற்களை, அதாவது 40 பைட்டுகளைத் தள்ளும். அப்புறம் எரர் கோடு அல்லது அதற்குப் பதிலாக நீங்கள் தள்ளும் பூஜ்யம் 8, இன்டரப்ட் எண் 8, பொது ரெஜிஸ்டர்கள் 15 என்றால் 120. மொத்தம் 176, பதினாறின் 11 மடங்கு, எனவே அந்த இடத்தில் சி ஃபங்க்ஷனைக் கூப்பிட்டால் சரியாக இருக்கும். இன்டரப்ட் எண்ணைத் தள்ளாமல் ரெஜிஸ்டரில் அனுப்பலாமே என்று மாற்றினால் 168, 8 பைட் தள்ளிப்போகும், கெர்னலில் எஸ்எஸ்இ அனுமதித்திருந்தால் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஃபங்க்ஷனில் மூவ்ஏபிஎஸ் விழும். இந்தக் கூட்டலை உங்கள் இன்டரப்ட் நுழைவு நிரலின் கமென்டில் எழுதியே வையுங்கள். 64 பிட் ஆர்மில் ஸ்டாக் பாயிண்டரான எஸ்பி வழியாக நினைவகத்தைத் தொடும்போது அது 16-ஆல் வகுபடுகிறதா என்று செயலியே சோதிக்க முடியும்.

ஹீப்: 64 பிட் எக்ஸ்86, 64 பிட் ஆர்ம் இரண்டிலும் மாலாக் 16-க்குச் சீரான முகவரி தர வேண்டும். பிளாக் தலைப்பு 24 பைட் என்று இருந்தால், பிளாக் சீராகத் தொடங்கினாலும் பயனருக்குப் போகும் முகவரி எட்டு பைட் தள்ளி இருக்கும். தலைப்பை 32 ஆக்குங்கள்.

அட்டவணைகள்: எக்ஸ்86-இல் பேஜ் டேபிள் 4096-இல், எஸ்எஸ்இ போன்ற ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் எஃப்எக்ஸ்சேவ் பகுதி 16-இல், எக்ஸ்சேவ் பகுதி 64-இல். 64 பிட் ஆர்மின் எக்ஸப்ஷன் வெக்டர் அட்டவணை 2048-இல். ரிஸ்க்-ஃபைவில் எக்ஸப்ஷன் ஹாண்ட்லர் எங்கே என்று சொல்லும் எஸ்டிவெக் ரெஜிஸ்டரில் எழுதும் முகவரி நான்கில், ஏனென்றால் அதன் கடைசி இரண்டு பிட்டுகள் மோடு என்று பொருள்படும். நான்கால் வகுபடாத முகவரியைப் போட்டால் மோடையே மாற்றிவிடுவீர்கள்.

இனி, படி 2-இல் நினைவில் வைக்கச் சொன்னது. 64 பிட் ஆர்மில் எம்எம்யூ (முகவரிகளை மொழிபெயர்க்கும் பகுதி) அணைந்திருக்கும் வரை எல்லாத் தரவு அணுகலும் டிவைஸ் வகையாகவே நடத்தப்படும். அதாவது பூட் ஆனது முதல் நீங்கள் எம்எம்யூவை இயக்கும் வரை, சாதாரண ரேமிலும் சீரற்ற அணுகலுக்கு ஃபால்ட் வரும். உங்கள் சி நிரலில் ஒரு தப்பும் இல்லாமலே இது நடக்கும், ஏனென்றால் சாதாரண நினைவகம் என்று நம்பிக் கம்பைலர் இரண்டு சின்ன ஸ்டோர்களைச் சேர்த்து ஒரு சீரற்ற பெரிய ஸ்டோர் ஆக்க உரிமை பெற்றிருக்கிறது. தீர்வு, அந்த ஆரம்பக் கட்ட நிரலை எம்ஸ்ட்ரிக்ட்-அலைன் என்ற விருப்பத்தோடு கம்பைல் செய்வது. க்யூஎமு எமுலேட்டரின் பழைய பதிப்புகள் இந்த ஃபால்டைக் காட்டாது, எனவே எமுலேட்டரில் ஓடியது நிஜ போர்டில் முதல் அச்சு வரிக்கு முன்பே நின்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

படி 7: நெட்வொர்க், டிஎம்ஏ, அட்டாமிக்

ஈதர்நெட் தலைப்பு 14 பைட். பாக்கெட்டை நான்கால் வகுபடும் முகவரியில் வாங்கினால் ஐபி தலைப்பு 14-இல் தொடங்கும், அதன் 4 பைட் முகவரிகள் எல்லாம் இரண்டு பைட் தள்ளிப்போகும். லினக்ஸின் தீர்வு எளிமையானது: பஃபரின் தொடக்கத்தில் 2 பைட் விட்டுவிட்டு வாங்குவது, அப்போது ஐபி தலைப்பு 16-இல் வந்து உட்காரும். இதற்குத்தான் நெட்_ஐபி_அலைன் என்ற மாறிலி, வழக்கமான மதிப்பு 2, எக்ஸ்86-இல் 0, ஏனென்றால் அங்கே டிஎம்ஏ (செயலி இல்லாமல் டிவைஸே நேரடியாக நினைவகத்தில் எழுதுவது) சீரான இடத்தில் எழுதுவதுதான் அதிக லாபம்.

டிஎம்ஏ பஃபர்களுக்கு வேறு கணக்கு. கேஷும் டிவைஸும் ஒன்றையொன்று தானாகப் பார்த்துக்கொள்ளாத செயலிகளில், பஃபர் முழு கேஷ் வரியில் தொடங்கி முழு வரியில் முடிய வேண்டும். இல்லாவிட்டால் டிவைஸ் எழுதிய பின் நீங்கள் கேஷை இன்வாலிடேட் செய்யும்போது, அதே வரியில் குடியிருந்த பக்கத்து மாறியின் புதிய மதிப்பும் சேர்ந்து காணாமல் போகும்.

அட்டாமிக் மாறிகளையும் லாக்குகளையும் சீரற்ற இடத்தில் வைப்பதை எந்தச் செயலியிலும் செய்யாதீர்கள். ரிஸ்க்-ஃபைவிலும் ஆர்மிலும் பொதுவாக ஃபால்ட் வரும். எக்ஸ்86-இல் ஓடும், ஆனால் கேஷ் வரியைத் தாண்டும் லாக் கட்டளை முழு பஸ்ஸையும் பூட்டி மற்ற எல்லா கோர்களையும் நிறுத்திவைக்கும். அதைக் கண்டுபிடித்துப் புகார் செய்யும் வசதி லினக்ஸ் 5.7-இல் சேர்க்கப்பட்டது.

படி 8: பயனர் நிரலோடு பேசும் ஸ்ட்ரக்ட்

ஒரு 4 பைட் எண், அதன்பின் ஒரு 8 பைட் எண். இந்த ஸ்ட்ரக்ட் 64 பிட் எக்ஸ்86-இல் 16 பைட். 32 பிட் எக்ஸ்86 லினக்ஸில் 12 பைட், ஏனென்றால் அங்கே ஸ்ட்ரக்டுக்குள் 8 பைட் எண்ணுக்கும் நான்கின் எல்லை போதும். எம்68கே என்ற பழைய மோட்டரோலா செயலியில் 4 பைட் எண்ணுக்கே இரண்டின் எல்லை போதும், படி 5-இல் 12 வந்த ஸ்ட்ரக்ட் அங்கே 8 தான். 64 பிட் கெர்னலில் 32 பிட் நிரலை ஓடவிட்டு, சிஸ்டம் கால் வழியாக இந்த ஸ்ட்ரக்டை அனுப்பினால் இரண்டு பக்கமும் வெவ்வேறு இடங்களைப் படிக்கும்.

எனவே எல்லையைத் தாண்டும் ஸ்ட்ரக்டுகளில் இடைவெளியைக் கம்பைலரிடம் விடாமல் நீங்களே வெளிப்படையான நிரப்பு உறுப்பாக எழுதுங்கள், 8 பைட் உறுப்புகள் எட்டின் மடங்கில் வருமாறு அடுக்குங்கள், மொத்த அளவும் எட்டின் மடங்காக இருக்கட்டும். அப்புறம் ஸ்டாட்டிக் அசெர்ட் போட்டு அளவையும் ஒவ்வொரு உறுப்பின் இடத்தையும் கம்பைல் நேரத்திலேயே பூட்டிவிடுங்கள். நிரப்பு உறுப்பைப் பூஜ்யமாக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் கெர்னல் ஸ்டாக்கின் துண்டுகள் பயனருக்குக் கசியும்.

படி 9: விழும்போது விவரம் சொல்ல வையுங்கள்

எக்ஸப்ஷன் ஹாண்ட்லரில் அலைன்மென்டுக்குத் தனிச் செய்தி எழுதுங்கள். 64 பிட் ஆர்மில் ஃபால்டின் காரணம் சொல்லும் ரெஜிஸ்டரான இஎஸ்ஆர்-இன் வகை எண் 37 (கெர்னலுக்குள் நடந்த டேட்டா அபார்ட்), அதன் கீழ் ஆறு பிட்டுகள் 33 என்றால் அலைன்மென்ட் ஃபால்ட், எந்த முகவரி என்பது எஃப்ஏஆர் ரெஜிஸ்டரில் இருக்கும். ரிஸ்க்-ஃபைவில் எஸ்காஸ் ரெஜிஸ்டர் 4 என்றால் லோடு, 6 என்றால் ஸ்டோர் அல்லது அட்டாமிக். மிப்ஸில் 4-உம் 5-உம். எக்ஸ்86 கெர்னலில் காரணம் தெரியாத 13-ஆம் எண் எக்ஸப்ஷன் வந்தால் விழுந்த கட்டளையை டிஸ்அசெம்பிள் செய்யுங்கள், மூவ்ஏபிஎஸ் வகை என்றால் ஸ்டாக்கையும் ஹீப்பையும் பாருங்கள்.

ஹாண்ட்லரிலேயே கட்டளையைப் பிரித்துப் படித்து, எமுலேட் செய்து, மேலே ஓடவிடலாமா? பழைய பயனர் நிரல்களுக்காக லினக்ஸ் சில செயலிகளில் அப்படிச் செய்கிறது, 32 பிட் ஆர்மில் /ப்ராக்/சிபியூ/அலைன்மென்ட் கோப்பில் 2 என்று எழுதினால் சரிசெய்யும், 3 என்றால் சரிசெய்துவிட்டு எச்சரிக்கும், 4 என்றால் நிரலுக்கு சிக்னல் அனுப்பும். உங்கள் சொந்த கெர்னலின் சொந்தப் பிழைகளுக்கு இதைச் செய்யாதீர்கள். பிழை அப்படியே இருக்கும், ஒவ்வொரு அணுகலுக்கும் ஓர் எக்ஸப்ஷன் செலவாகும், எங்கே நேரம் போகிறது என்றும் தெரியாது.

படி 10: போர்டு கையில் இல்லாமலே சோதியுங்கள்

முதலில் எச்சரிக்கைகள். ஜிசிசியின் -டபிள்யூகாஸ்ட்-அலைன்=ஸ்ட்ரிக்ட் என்ற விருப்பம், எக்ஸ்86-க்குக் கம்பைல் செய்யும்போதும் சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு பாயிண்டர் மாற்றத்தையும் காட்டும். ஸ்ட்ரிக்ட் இல்லாத வடிவம் ஜிசிசியில் எக்ஸ்86-க்கு வாயே திறக்காது, எனவே அந்தச் சொல் முக்கியம். பட்டியல் நீளமாக வரும், அதில் வெளித்தரவைத் தொடும் கோப்புகளை முதலில் எடுங்கள்.

அடுத்தது சானிடைசர், அதாவது நிரல் ஓடும்போதே தப்பைப் பிடிக்கக் கம்பைலர் சேர்க்கும் சோதனை. கோப்பு முறை, பார்ட்டிஷன் அட்டவணை, பாக்கெட் பிரிப்பு இவற்றையெல்லாம் கெர்னலிலிருந்து பிரித்துச் சாதாரண நிரலாகவும் கம்பைல் ஆகுமாறு எழுதியிருந்தால், உங்கள் கணினியிலேயே -எஃப்சானிடைஸ்=அலைன்மென்ட் போட்டு ஓட்டலாம். வெறுமனே ஓட்டினால் போதாது, ஏனென்றால் மாலாக் தரும் பஃபர் எப்போதும் சீராகவே இருக்கும். 512 பைட் செக்டருக்கு 520 பைட் பஃபர் எடுங்கள். செக்டரை 0, 1, 2 என்று 7 வரை ஒவ்வொரு இடத்திலும் நகலெடுத்து வைத்து, எட்டு முறையும் அதே பிரிப்பு ஃபங்க்ஷனைக் கூப்பிட்டு, எட்டு விடைகளும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். எங்காவது நேரடிப் பாயிண்டர் மாற்றம் மிச்சமிருந்தால் சானிடைசர் கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் சொல்லிவிடும், அந்த வரியை படி 4-இன் ஃபங்க்ஷனுக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.